ஆர்.ஜே.45 என்று கேட்டால் போதுமா?

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் வழியில் இருக்கிறது கோலா தெர்லா. தேயிலைச் சரிவுகளும், காய்கறியும் பூவும் வளரும் பிளாஸ்டிக் கொட்டகைகளுமாக இருக்கும் மலைப் பகுதி அது. பகலில் 22, 23 பாகை செல்சியஸ்; இரவில் 15 வரை இறங்கும். கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மி.மீ. மழை பெய்கிறது. இங்கே உங்கள் வீட்டு ரவுட்டரிலிருந்து 60 மீட்டர் தள்ளியிருக்கும் கொட்டகைக்கு ஒரு கேபிள் இழுத்து, அதன் நுனியில் ஒரு கண்காணிப்புக் கேமரா வைக்க விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கேமராவுக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் கொடுப்பீர்கள். கேபிளையும் விசாரித்து வாங்குவீர்கள். கடைசியில் கேபிளின் இரு நுனியிலும் மாட்டும் ஒளிபுகும் சின்ன பிளக்கை மட்டும், “ஆர்.ஜே.45 பத்து கொடுங்கள்” என்று கேட்டு வாங்கி வருவீர்கள். சில மாதம் கழித்து இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து வரும். காலையில் வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிவிடும். கேமராவை மாற்றுவீர்கள், ரவுட்டரை மாற்றுவீர்கள், ஈப்போவிலிருந்து ஆள் வரவழைப்பீர்கள். கோளாறோ சில சென் விலையுள்ள அந்த பிளக்கில் உட்கார்ந்திருக்கும்.

இப்படி நேர்வதற்கு முக்கியக் காரணம், அந்தப் பெயர் பிளக்கின் உருவத்தை மட்டும்தான் சொல்கிறது என்பது. உள்ளே இருக்கும் உலோகம் எத்தகையது, எந்தக் கம்பியைக் கடிப்பதற்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு தடித்த கேபிள் அதற்குள் நுழையும் என்பதையெல்லாம் அது சொல்லாது.

உண்மையில் அந்தப் பெயரே தவறாக ஒட்டிக்கொண்டதுதான். ஆர்.ஜே. என்பது ‘ரெஜிஸ்டர்டு ஜாக்’ என்பதன் சுருக்கம். 1970களில் அமெரிக்கத் தொலைபேசிக் கட்டமைப்பில் எந்த ஜாக்கில் எந்தக் கம்பி எங்கே சேர வேண்டும் என்று வகுத்த விதிகளில் வந்த பெயர் அது. அன்றைய ஆர்.ஜே.45 மோடங்களுக்கானது. அதன் பக்கவாட்டில் ஒரு புடைப்பு இருக்கும். எட்டு இடங்களில் சிலவற்றை மட்டுமே அது பயன்படுத்தியது. அதை இன்றைய சாதாரண வலைப்பின்னல் ஜாக்கில் செருகவே முடியாது. பின்னாளில் கணினி வலைப்பின்னலுக்கு வந்த எட்டு இடம், எட்டுத் தொடர்பு கொண்ட பிளக் பார்வைக்கு அதைப் போலவே இருந்ததால், மக்கள் பழைய பெயரையே சூட்டிவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது, கடையில் அப்படித்தான் கேட்க முடியும். ஆனால் கேட்ட பிறகு இன்னும் சில கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: கம்பி ஒற்றையா, இழையா?

கேபிளின் வெளியுறையைச் சற்று உரித்துப் பாருங்கள். நான்கு ஜோடியாக முறுக்கிய எட்டுக் கம்பிகள் இருக்கும். ஒரு கம்பியின் நுனியைச் சுரண்டினால், உள்ளே ஒரே தடித்த செப்புக் கம்பி இருக்கலாம். அல்லது மயிரிழை போன்ற ஏழு இழைகள் சேர்ந்திருக்கலாம். சுவரிலும் குழாயிலும் நிரந்தரமாக ஓடும் கேபிள் ஒற்றைக் கம்பி வகை. மேசையில் கணினிக்கும் சுவருக்கும் நடுவே வளைந்து நெளிந்து கிடக்கும் சிறு கேபிள் பெரும்பாலும் இழை வகை.

இப்போது பிளக்கைக் கையில் எடுங்கள். அதற்குள் எட்டுச் சிறிய உலோகத் தகடுகள் நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டின் மேல் விளிம்பு ஜாக்கிலுள்ள வில்கம்பியைத் தொடும். கீழ் விளிம்பில் கூரிய பற்கள் இருக்கும். கிரிம்பரால் அழுத்தும்போது இந்தப் பற்கள் கம்பியின் காப்புறையைக் கிழித்துக்கொண்டு இறங்கி உலோகத்தைப் பிடிக்கின்றன. நாம் கம்பியை உரிப்பதில்லை, பல்லே உரித்துக்கொள்கிறது.

இழைக் கம்பிக்கான தகட்டில் பற்கள் நேர்க்கோட்டில் இருக்கும். அவை இழைகளின் நடுவே குத்தி நுழைந்து இழைகளை இரு பக்கமும் தள்ளி உட்காரும். ஒற்றைக் கம்பியில் குத்தி நுழைய இடம் இல்லை. அதனால் அதற்கான தகட்டில் பற்கள் இடமும் வலமுமாகச் சற்று விலகி நிற்கும். வழக்கமாக மூன்று பல். கம்பியின் மீது கால் அகட்டிக் குதிரை ஏறியது போல இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும்.

இழைக்கான பிளக்கை ஒற்றைக் கம்பியில் அழுத்தினால் என்ன நடக்கும்? அன்றைக்கு வேலை செய்யும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பல் கம்பியின் மேல் வழுக்கி ஒரு பக்கமாக உரசிக்கொண்டு நிற்கும். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் அந்தத் தொடுகை ஒரு கீறல் அளவுதான். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் உலோகமும் நெகிழியும் அதை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. சரியான பிடிப்பில் பல்லும் கம்பியும் காற்று புக இடமில்லாமல் நெரிந்து ஒட்டியிருக்கும். உரசும் பிடிப்பில் காற்றும் ஈரமும் உள்ளே போய்விடும். மேலே சொன்ன இரவு நேரக் கோளாறுக்கு இது ஒரு முதல்தரக் காரணம்.

இரண்டு வகைக்கும் ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் பிளக்குகளும் உண்டு. நல்ல தயாரிப்பு என்றால் அவை போதும். பையில் எதுவுமே எழுதியிராவிட்டால், ஒரு பூதக்கண்ணாடியால் பல்லைப் பாருங்கள். சாய்ந்து மாறி மாறி நிற்கும் மூன்று பல் தெரிந்தால் உங்கள் 60 மீட்டர் ஒற்றைக் கம்பிக் கேபிளுக்கு அது பொருந்தும்.

அடுத்தது தடிமன்

கம்பியின் தடிமனை அமெரிக்க அளவு எண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், தலைகீழ்க் கணக்கு. கேட் 5ஈ கேபிளில் வழக்கமாக 24ஆம் எண், அதாவது சுமார் 0.51 மி.மீ. கேட் 6 கேபிளில் பெரும்பாலும் 23ஆம் எண், சுமார் 0.57 மி.மீ. வித்தியாசம் மிகச் சிறிதாகத் தோன்றும். ஆனால் காப்புறையோடு சேர்த்துப் பார்த்தால் கேட் 6 கம்பி ஒன்று 1 மி.மீட்டரைத் தாண்டிவிடும். பிளக்கின் தொடர்புகளுக்கு இடையே உள்ள தூரமோ சுமார் 1 மி.மீ.தான். தடித்த எட்டுக் கம்பிகளை ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக நிறுத்த இடம் போதாது. அதனால்தான் கேட் 6 பிளக்கில் துளைகள் மேலும் கீழுமாக ஏறி இறங்கி இருக்கும். கம்பிகளை முதலில் கோத்துக்கொள்ள ஒரு சிறிய பட்டையும் சிலவற்றில் தனியாக வரும். கேட் 5ஈ பிளக்கில் கேட் 6 கம்பியைத் திணித்து வெற்றி கண்டவர்கள் உண்டு. அவர்கள் காப்புறையை நசுக்கித்தான் வென்றிருப்பார்கள்.

வெளியுறையின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பிளக்கின் பின்புறம் ஒரு நெகிழிக் கட்டை மடங்கி இறங்கி கேபிளை அழுத்திப் பிடிக்கும். அது வெளியுறையைப் பிடிக்க வேண்டும். எட்டுக் கம்பிகளைப் பிடிக்கக் கூடாது. வெளியுறை பிளக்குக்குள் நுழையாமல் வெளியே நின்றுவிட்டால், காற்றில் கேபிள் ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் நேராக அந்தப் பற்களுக்குத்தான் போய்ச் சேரும். வெயிலும் மழையும் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள்கள் பல சற்றுத் தடித்தவை. எனவே கேபிள் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. கடைக்காரர் முன்னாலேயே நுழைத்துப் பார்த்துவிடலாம்.

சுரண்டிய கம்பியின் உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தக் கேபிளையே வாங்காதீர்கள். அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, வளைத்தால் ஒடியும், அழுத்தத்தில் மெல்ல நகர்ந்து பல்லின் பிடியிலிருந்து தளரும். எந்த பிளக்காலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தங்கம், களிம்பு, கோழி உரம்

செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கியவர்களுக்குக் களிம்பு என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்தால் செம்பின் மேல் பச்சை படரும். அந்தப் பச்சை மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாது. பிளக்கின் தகடு பொதுவாகச் செம்புக் கலவையான பாஸ்பர் வெண்கலத்தால் ஆனது. அதன் மேல் நிக்கலும், ஜாக்கைத் தொடும் விளிம்பில் தங்கமும் பூசுகிறார்கள். இதில் ஆடம்பரம் ஒன்றும் இல்லை. தங்கத்தில் களிம்பு பிடிக்காது.

கேள்வி எவ்வளவு தங்கம் என்பதுதான். தரமான பிளக்கில் 50 மைக்ரோ இன்ச் என்று எழுதியிருக்கும். நம் கணக்கில் அது 1.27 மைக்ரான்; ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. மலிவான பிளக்கில் 3 அல்லது 6 மைக்ரோ இன்ச்தான் இருக்கும். மஞ்சள் நிறம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் பூச்சு மெலிந்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் மிகும். நாலு முறை செருகி எடுத்தாலே தேய்ந்தும் போகும். தர நிர்ணயம் எதிர்பார்ப்பது குறைந்தது 750 முறை செருகி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பது.

எல்லா இடத்துக்கும் 50தான் வேண்டும் என்று சொல்ல மாட்டேன். காய்ந்த அறையில் ஒரு முறை செருகி அப்படியே விடும் கேபிளுக்கு மெல்லிய பூச்சே பல ஆண்டு தாங்கும். கோலா தெர்லா கொட்டகையின் கதை வேறு. அங்கே மூன்று எதிரிகள் சேர்ந்து வருகிறார்கள்.

முதலாவது பனி. பகலில் கேமராப் பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகி விரிந்து வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலுள்ள ஈரக் காற்றைப் பெட்டி உள்ளே இழுக்கும். குளிர்ந்த உலோகத்தின் மேல் அந்த ஈரம் முத்து முத்தாக வியர்க்கும். மழை ஒரு சொட்டுகூட உள்ளே போகாத பெட்டியிலும் இது நடக்கும்.

இரண்டாவது அந்த ஈரத்தில் கரைபவை. கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் கோழி உரம் தாராளமாகப் பயன்படுகிறது. அதிலிருந்து வரும் அம்மோனியா நமக்கு மூக்கைத் துளைக்கும் நாற்றம். செம்புக்கோ அது நேரடிப் பகை. ஈரத்தில் கரைந்த அம்மோனியா செம்பை அரித்துக் கரைத்துவிடும். தெளிக்கும் உரக் கரைசலின் உப்புகளும் காற்றோடு வந்து படியும். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். உப்பு கரைந்த நீர் நன்றாகக் கடத்தும்.

மூன்றாவது மின்சாரமே. இப்போது பல கேமராக்கள் தனி மின்கம்பி இல்லாமல், வலைப்பின்னல் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறுகின்றன. 2003இல் வந்த முதல் தர நிர்ணயத்தில் ஒரு முனைக்கு 15.4 வாட், 2009இல் 30 வாட், 2018இல் 90 வாட் வரை. மின்னழுத்தம் சுமார் 48 வோல்ட், நேர் மின்சாரம். இப்போது படத்தைச் சேர்த்துப் பாருங்கள்: 1 மி.மீ. இடைவெளியில் நிற்கும் தகடுகள், அவற்றுக்கு இடையே உப்பு நீர்ப் படலம், இருபுறமும் நேர்மின், எதிர்மின். பள்ளிக்கூட ஆய்வகத்தில் செப்பு சல்பேட் கரைசலில் செய்த மின்பகுப்புச் சோதனை நினைவுக்கு வருகிறதா? அதேதான் இங்கே இரவுதோறும் நடக்கிறது. நேர்மின் பக்கத்து உலோகம் கரைகிறது. பழைய பிளக்கை எடுத்துப் பார்த்தால் எட்டுத் தகட்டில் சில மட்டும் கறுத்துப் பச்சை படிந்திருப்பதற்கு இதுவே காரணம்.

எனவே இங்கே 50 மைக்ரோ இன்ச் பூச்சு வேண்டும். ஆனால் பிளக்கை மட்டும் நம்பக் கூடாது. நுனி கீழ்நோக்கி இருக்குமாறு வையுங்கள். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். கேபிளோடு இறுக்கித் திருகும் நீர்புகா மூடி, கேமராவுடன் வந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பலர் பிளக் அடித்த பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள். பிறகு மூடி பிளக்கைத் தாண்டி நுழையாது. முதலில் மூடி, பிறகு பிளக். மின்தொடர்புக்கான சிலிக்கான் பசையைச் சிறிதளவு தடவுவதும் ஈரத்தைத் தடுக்கும்.

கேமராவுக்கு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். பிரியும் நொடியில் சிறு பொறி தெறித்துத் தங்கத்தைச் சுடுகிறது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

முனை வெளியே வரும் பிளக்

அண்மைக் காலத்தில் கம்பிகள் பிளக்கின் முன்புறம் வழியே வெளியே நீண்டு வரும் வகை பிரபலமாகியிருக்கிறது. நிற வரிசை சரியா என்று வெளியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அழுத்தும்போது கிரிம்பரின் கத்தியே மிச்சத்தை வெட்டிவிடும். புதிதாகப் பழகுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் வெட்டிய எட்டுச் செப்பு முனைகளும் பிளக்கின் முகத்தில் திறந்தே நிற்கின்றன. கத்தி மழுங்கியிருந்தால் பிசிறு நீட்டிக்கொண்டு பக்கத்துக் கம்பியைத் தொடவும் கூடும். வீட்டுக்குள் கூடத்தில் பயன்படுத்துங்கள். கொட்டகை நுனிக்கு முனை மூடிய பழைய வகையே நல்லது என்பது என் கருத்து.

உலோகக் கவசம் போர்த்திய பிளக் பற்றியும் கேட்பார்கள். கேபிளிலும் கவசம் இருந்து, அது முறையாக மண்ணில் இணைக்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. இல்லையேல் அது பளபளப்புக்குக் கொடுக்கும் காசு. இரண்டு கட்டடங்களுக்கு இடையே கவசக் கேபிளின் இரு நுனியையும் வெவ்வேறு மண்ணிணைப்பில் சேர்த்தால், இடியின்போது கவசத்தின் வழியாகவே மின்னோட்டம் பாயும். மலேசியா உலகில் மின்னல் மிகுந்த நாடுகளில் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து தொலைவிலுள்ள அலுவலகத்துக்குப் போவது போன்ற நீண்ட இணைப்புக்குச் செம்பை விட்டுவிட்டு ஒளியிழைக்கு மாறுவதே புத்திசாலித்தனம். 100 மீட்டரைத் தாண்டினால் எப்படியும் செம்புக் கேபிளுக்குத் தர நிர்ணயத்தில் இடமில்லை.

வீட்டுப் பக்க நுனிக்கு பிளக்கே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒற்றைக் கம்பிக் கேபிளைச் சுவர் ஜாக்கின் பின்புறப் பிளவுகளில் அழுத்திச் செருகி முடித்துவிட்டு, அங்கிருந்து ரவுட்டருக்குத் தொழிற்சாலையில் செய்த ஒரு சிறு கேபிளை மாட்டுவதுதான் நல்ல முறை. அந்தப் பிளவு கம்பியை இருபுறமும் கவ்விப் பிடிக்கும். கைக்கு எளிது, நீடிக்கவும் நீடிக்கும். ஆக, நீங்கள் அடிக்க வேண்டிய பிளக் கேமரா நுனியில் ஒன்றே ஒன்றுதான்.

அதை அடிக்கும்போது நிற வரிசையைப் பிசகாமல் வையுங்கள். பூட்டு நாக்கு கீழே, தகடுகள் மேலே இருக்க, இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி ஏன் நீலத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று கேட்கலாம். நடு இரண்டு இடமும் தொலைபேசிக் காலத்தில் முதல் இணைப்புக்கு உரியவை. புதியவர்கள் அந்த இடத்தை விட்டுக்கொடுத்து இருபுறமும் உட்கார்ந்தார்கள். “ஜோடி ஜோடியாக அடுக்கினால் அழகாக இருக்குமே” என்று வரிசையாக அடுக்கிவிட்டால், 3ஆம் இடமும் 6ஆம் இடமும் வெவ்வேறு முறுக்கிலிருந்து வரும். இரு நுனியிலும் ஒரே மாதிரி அடுக்கினால் மலிவான சோதனைக் கருவி “சரி” என்றே சொல்லும். முறுக்கு தரும் பாதுகாப்பு போய்விட்டதால் ஒரு கம்பியின் சமிக்ஞை மற்றொன்றில் கலந்து வேகம் விழும். முறுக்கையும் 13 மி.மீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

விளக்கு எரியும் சோதனைக் கருவி கம்பி அறுந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். பிடிப்பின் தரத்தைச் சொல்லாது. அதைவிட நல்ல சாட்சி உங்கள் சுவிட்சிலேயே இருக்கிறது. நொடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய இடங்களில் நிற்கும் இரண்டு ஜோடி போதும். நடுவிலோ கடைசியிலோ ஒரு கம்பி தளர்ந்தால் பல கருவிகள் ஒன்றும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடும். கேமரா பெரும்பாலும் 100இலேயே ஓடுவதால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். எனவே பிளக் அடித்த அன்றே கேமராவுக்குப் பதிலாக ஒரு மடிக்கணினியை மாட்டி 1,000 காட்டுகிறதா என்று பாருங்கள். பிளக்கை விரலால் மெல்ல ஆட்டும்போதும் அந்த எண் மாறக் கூடாது. ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்தில், விடியற்காலைக் குளிரில் ஒருமுறை அதே சோதனையைச் செய்யுங்கள். எண் இறங்கியிருந்தால் கேபிள் நுனியை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் அடியுங்கள். களிம்பு உறைக்குள்ளும் ஊர்ந்து போயிருக்கும். அதற்காக முதலிலேயே பெட்டிக்கு அருகே ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டி மிச்சம் வைத்திருங்கள். அதே வகை பிளக் நான்கையும், அதன் பையிலிருந்து கிழித்த சீட்டையும் ஒரு சிறு புட்டியில் போட்டு வீட்டில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடையில் வேறு வகை மட்டுமே இருந்தாலும் கவலையில்லை.